முதல் அன்னம் இறங்கிய நாள்

இந்த ஆண்டு வானம்பாடிகள் ஒன்பது நாள் முந்திவிட்டன. மார்ச் எட்டாம் தேதி காலை, ஆட்டுக்கொட்டிலுக்கு மேலே ஒன்று பாடக் கேட்டேன். பதின்மூன்றாம் தேதி, குளிர்கால ரோமம் பாதி உதிர்ந்த நரி ஒன்று நாணல் ஓரமாகப் போயிற்று. எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

நான்கு தலைமுறையாக இது எங்கள் வீட்டு வேலை. முதல் அன்னம் இறங்கினால், உறைந்த ஏரி எங்கோ திறந்துவிட்டது என்று பொருள். அன்றே குன்றின் உச்சிக் கம்பத்தில் சிவப்புத் துணி கட்டுவோம். அதன்பின் இரு கரையிலும் ஒருவரும் பனிமேல் கால் வைக்கமாட்டார்கள். அரசாங்க அறிவிப்பை மதிக்காதவன்கூட எங்கள் துயிசென் வீட்டுத் துணியை மதிப்பான்.

பிப்ரவரியில் என் மகள் அக்மாரல், எதிர்க்கரை மெய்ராமைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ஏழு தலைமுறைக்குள் பாட்டன் ஒருவரானால் எங்கள் வழக்கத்தில் அவர்கள் உடன்பிறந்தவர்கள், மணம் கூடாது. விரல்விட்டு எண்ணினேன். ஆறாவது பாட்டன் இரு வீட்டுக்கும் ஒருவரே.

“ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல என்னைப் போட்டு நசுக்குறீங்களேப்பா,” என்றாள். பிறகு சிரித்தாள். “அந்த ஆறாவது தாத்தா மட்டும் கையில கெடைச்சா, தாடியப் புடிச்சு இழுத்துருவேன்.”

நான் சிரிக்கவில்லை. கூடாது என்றேன். நவ்ருஸ் புத்தாண்டு அன்று அவன் குதிரைச் சறுக்குவண்டியில் வந்து தன்னை அழைத்துப் போவான் என்றாள். எங்கள் வீட்டில் ஒளித்துப் பேசும் வழக்கமில்லை.

மார்ச் பத்தொன்பதாம் தேதி இரண்டு அன்னங்கள் இறங்கின. நாணலுக்கு அப்பால் நீர் கறுப்பாகத் திறந்திருந்தது. குன்றிலிருந்து மட்டுமே தெரியும் இடம் அது. தேதியை எழுதினேன். பொய்த் தேதி எழுத என் கை வராது. துணியை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

வழியில் பக்கத்து வீட்டுச் சகிந்திக் மடக்கினான். “என்ன பெரியவரே, வானம்பாடியெல்லாம் வந்து கச்சேரி பண்ணுது. உங்க அன்னத்துக்கு மட்டும் வழி தெரியலையா? இல்ல, உங்க கண்ணு மங்கிடுச்சா?”

“வந்தா துணி ஏறும். நீ உன் ஆட்டைப் பாரு,” என்றேன்.

அக்மாரல் மூன்று நாளும் கேட்டாள். “அன்னம் வந்துடுச்சாப்பா? வந்திருந்தா அவரை வர வேணாம்னு சொல்லணும்.”

“இன்னும் வரல.”

அவள் எனக்குத் தேநீர் ஊற்றினாள். தாயில்லாத பிள்ளை. பத்து வயதுவரை நான்தான் தலைபின்னி விட்டேன். அவன் வரும்போது தனியாக வருவான் என்று கணித்திருந்தேன். பனி உடைந்து அவன் போய்விட்டால் இவள் அழுவாள், பிறகு ஆறிவிடுவாள். முடிவை ஏரியிடம் விட்டேன், அவ்வளவுதான்.

நவ்ருஸ் நாள், இருபத்திரண்டாம் தேதி காலை அவன் வந்தான். பனி அவனைத் தாங்கிவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

நான் கம்பத்தடியில் நின்றிருந்தேன். அக்மாரல் தாயின் வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கரைக்கு இறங்கினாள். வண்டியில் ஏறுமுன் திரும்பிக் குன்றைப் பார்த்தாள். அப்போதாவது கட்டியிருக்கலாமே என்கிறீர்கள். கட்டியிருக்கலாம். துணி நெஞ்சோடு இருந்தது. ஒரு முடிச்சு போதும். ஆனால் அவளுக்குப் பிறக்கும் பிள்ளை எந்தப் பாட்டனின் பெயரைச் சொல்லும்? கை நடுங்கியது என்றோ, மரத்துப்போயிற்று என்றோ சொல்லமாட்டேன். நான்தான் அசைக்கவில்லை.

வெறும் கம்பத்தைப் பார்த்து அவள் நிம்மதியாகத் தலையசைத்தாள். எனக்குக் கையாட்டினாள். நாணலைத் தாண்டியதும் முதலில் குதிரை போயிற்று, பிறகு வண்டி. சால்வை சிறிது நேரம் மிதந்தது. அன்னங்கள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி, அங்கேயே இறங்கின. அதையும் எழுதினேன். அந்தப் பக்கத்தில் மை கலைந்திருப்பதற்கு மன்னிக்க வேண்டும்.

இருவரையும் கொன்றவன் நான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஊரில் அவளை ஓடிப்போனவள் என்கிறார்களாம். அதைத் திருத்திவிடுங்கள். கடைசிவரை அப்பன் சொல்லை நம்பி நடந்த பெண் அவள்.