சைவத்துக்கு மாறிய பன்றி

ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவளின் மடியில் வெறும் உரப்பை ஒன்று.

"எங்கட பண்டி இப்ப சைவமடி," என்றாள் அவள். நான் வாசித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"என்னக்கா, பகிடியே?"

"பகிடியில்லை. வாற மாதம் மகளின்ர கலியாணத்துக்கு அடிக்கிற பண்டி. போன நத்தார்ப் பெருநாளுக்கு அடிச்ச பண்டிக்குக் கடைசிநாள் வரைக்கும் மீன் தலையும் குடலும் போட்டனாங்கள். இறைச்சி முழுக்க மீன் வெடுக்கு. சாப்பிட வந்த சம்மந்தி, இது சுறாக் கறியோ எண்டு கேட்டவர்."

"அப்ப இப்ப என்ன குடுக்கிறியள்?"

"தவிடு, புண்ணாக்கு, சந்தையிலை கழிச்சு விடுற கோவா இலை. அதை அள்ளத்தான் இந்தப் பையோடை போறன். ஆனா குசினியிலை மீன் பொரிச்சால் அதுக்கு மணம் பிடிச்சுப் போடும். தொட்டியைப் பிரட்டிப்போட்டுக் கத்தும், தவிட்டைத் தொடாது. அதாலை ரெண்டு கிழமையா நாங்களும் மரக்கறிதான்."

"கடலுக்குப் போற அண்ணைக்கு மீனில்லாமல் சோறு இறங்குமே?"

"எங்கை இறங்குது! அந்தா, முன் சீற்றிலை இருக்கிறார். டவுணிலை கடைக்கு மீன் சோறு சாப்பிடப் போறார்."

எனக்கு முன்னால் இருந்தவர் கொஞ்சமும் வெட்கப்படாமல் திரும்பினார்.

"விடிய நான் பிடிச்சு வித்த பாரை மீன் இப்ப அந்தக் கடையிலை கறியாகியிருக்கும்," என்றார். "அது முடிய முதல் நான் போய்ச் சேரவேணும்."