கங்காணியாரின் கால்

சாம்பசிவம்: அசையாம படுங்க கங்காணியாரே. எங்க வலி?

வீரப்பன்: முட்டியில, டிரெசர் ஐயா. உயிர் போகுது.

சாம்பசிவம்: இங்கயா?

வீரப்பன்: அம்மாடி... அங்கதான்.

சாம்பசிவம்: இது இடது கால். நீங்க மலைச்சரிவுல சறுக்கி ஒடச்சுக்கிட்டது வலது கால்.

வீரப்பன்: ...வலி இதுக்கும் ஏறிடுச்சுங்க.

சாம்பசிவம்: ஏறும், ஏறும். மருத்துவத்துல அதுக்கு ஒரு பேரு இருக்கு.

வீரப்பன்: என்ன பேருங்க?

சாம்பசிவம்: சொன்னாலும் உங்களுக்குப் புரியாது.

வீரப்பன்: அதுவும் சரிதான். இந்த எஸ்டேட்டு ஆஸ்பத்திரிக்கே நீங்கதானே டாக்டர் மாதிரி.

சாம்பசிவம்: மாதிரி என்ன மாதிரி... சரி, விடுங்க. மாவுக்கட்டு பிரிச்சு ஒரு மாசமாச்சு. இன்னும் நடக்க முடியலை, அப்படித்தானே?

வீரப்பன்: நிக்கவே முடியலைங்க. திரிங்காப் ஊர்ல இருந்து மகன் வந்தான். காய்கறி லோரியில முன்னாடி உக்கார வெச்சு அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னான். இந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்கடா வர்றதுன்னு திட்டி அனுப்பிட்டேன்.

சாம்பசிவம்: நல்ல காரியம் பண்ணீங்க. மேனேஜர் துரை கேட்டா அப்படியே சொல்லணும். இன்னும் கொஞ்ச நேரத்துல வர்றாரு.

வீரப்பன்: துரைக்கு இங்க என்ன வேலை?

சாம்பசிவம்: செல்லம்மா கிழவி வீட்டுக்குப் போனதுக்கப்புறம் நீங்க ஒரு ஆளுதானே இங்க படுத்திருக்கீங்க. ஒரு நோயாளிக்கு எதுக்கு பயிற்சிப் பொண்ணுன்னு ஆபீசுல கேட்டிருக்காரு. நீங்களும் எந்திரிச்சுப் போயிட்டா, ரஞ்சிதம் அன்னிக்கே கூடையைக் கட்டிக்கிட்டு தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான்.

வீரப்பன்: போகட்டுமே.

சாம்பசிவம்: போகட்டும், எனக்கென்ன? இங்க ஆறு மாசம் முடிச்சாத்தான் தானா ராத்தா டவுன் பெரிய ஆஸ்பத்திரியில உதவியாளா சேர முடியும். அதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. பாவம்னு நான் சொல்லலை. தகவலுக்குச் சொன்னேன்.

வீரப்பன்: நானும் தகவலுக்குத்தான் கேட்டுக்கிட்டேன்.

சாம்பசிவம்: அந்தப் பொண்ணுக்கு வாய் வேற கொஞ்சமாவா இருக்கு?

வீரப்பன்: பள்ளிக்கூடத்துல பாரம் திரி வரைக்கும் படிச்ச திமிரு.

சாம்பசிவம்: செல்லம்மா கிழவி வாந்தி எடுத்தப்ப, என்னையே பேசின் பிடிக்கச் சொல்லுச்சுங்க. என்னை. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டோட நிக்கிறேன்.

வீரப்பன்: பிடிச்சீங்களா?

சாம்பசிவம்: அப்ப வேற ஆளு இல்லை.

வீரப்பன்: பிடிச்சிருக்கீங்க.

சாம்பசிவம்: பிடிச்ச விதம் சரியில்லைன்னு திருத்திச்சு வேற.

வீரப்பன்: உங்க கதையாவது பரவாயில்லை. எனக்கு இங்க தினம் பெரட்டு நடக்குதுங்க.

சாம்பசிவம்: பெரட்டா? அது மலைக்குப் போற ஆளுங்களுக்கு காலையில பேர் கூப்பிடறதுல்ல?

வீரப்பன்: அதேதான். முப்பது வருஷமா நான் கூப்பிட்டேனே, அதே மாதிரி வாசல்ல இடுப்புல கை வெச்சு நின்னுக்கிட்டு, "வீரப்பன்"னு கூப்பிடுது. வெறும் வீரப்பன். ஒரு மரியாதை கிடையாது. வந்திருக்கேன்னு படுத்துக்கிட்டே சொன்னா செல்லாதாம். எந்திரிச்சு வந்தவங்களுக்குத்தான் காப்பின்னு சொல்லிட்டு, டம்ளரை அந்தக் கடைசி ஜன்னல்ல வெச்சிட்டுப் போயிடுது.

சாம்பசிவம்: அவ்வளவு தூரத்துலயா?

வீரப்பன்: பாருங்களேன்.

சாம்பசிவம்: நான் வர்றப்ப டம்ளர் காலியால்ல இருக்கு?

வீரப்பன்: ...பூனைங்க.

சாம்பசிவம்: பூனை.

வீரப்பன்: கறுப்புப் பூனை.

சாம்பசிவம்: கழுவிக் கவுத்தும் வெச்சிருக்கு.

வீரப்பன்: சுத்தமான பூனைங்க.

சாம்பசிவம்: ...இருக்கும். இந்தக் குளிருக்குப் பூனையும் காப்பி குடிக்கத்தான் செய்யும்லா. நானே பார்த்திருக்கேன்.

வீரப்பன்: பார்த்தீங்களா?

சாம்பசிவம்: பார்த்தேன்னுதானே சொல்றேன். அது கிடக்கட்டும். இப்படித் திமிரு புடிச்ச பொண்ணு வேணாம், அனுப்பிடுங்கன்னு துரைகிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்.

வீரப்பன்: நான் எதுக்கு? டிரெசர் நீங்க சொன்னாத்தானே எடுபடும்.

சாம்பசிவம்: நோயாளி வாயால வந்தாத்தான் மதிப்பு.

வீரப்பன்: ...ஐயா, ஒண்ணு சொல்றேன். வெளிய விட்டுடாதீங்க. மாவுக்கட்டு போட்ட புதுசுல ஒரு நாள் என்னால அடக்க முடியாமப் போச்சு. படுக்கை, துணி எல்லாம்... நான் மொகத்தைச் செவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டேன். அந்தப் புள்ள வந்து தொடச்சு, கழுவி, வேற துணி மாத்திவிட்டுச்சு. அவ்வளவு நேரமும் மழை எப்ப விடும், துணி எப்பக் காயும்னு அதும்பாட்டுக்குப் பேசிக்கிட்டே செஞ்சுச்சு. மூஞ்சி சுளிக்கலை. பாவம்னும் பார்க்கலை.

சாம்பசிவம்: எனக்கே தெரியாதே இது.

வீரப்பன்: லயத்து வீடுங்கள்ல ஒரு குஞ்சுக்கும் தெரியாது. அதோட அம்மா அம்மாக்கண்ணு மறுநாள் என்னைப் பார்க்க வந்தா. தெரிஞ்சிருந்தா அவ மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். அவகிட்டகூட இந்தப் புள்ள சொல்லலை.

சாம்பசிவம்: ...திமிருதான்.

வீரப்பன்: ரொம்பத் திமிருங்க.

சாம்பசிவம்: ஜீப் சத்தம் கேக்குது. படுங்க. நல்லா போர்த்திக்குங்க. கொஞ்சம் முனகுங்க.

வீரப்பன்: எவ்வளவு முனகட்டும்?

சாம்பசிவம்: அளவா. நேத்து கொஞ்சம் ஓவராப் போச்சு.

ரஞ்சிதம்: ஐயா, துரை வந்துட்டாருங்க. உள்ள வரலையாம். வராந்தாவுலயே நிக்கிறாரு.

சாம்பசிவம்: நீ இங்கயே இரு. நான் போய் நிலைமையை எடுத்துச் சொல்றேன். கேஸ் ரொம்ப சீரியஸ்...

ரஞ்சிதம்: நீங்க ஒண்ணும் சொல்ல வேணாங்க. தாத்தா, போர்வையை எடுங்க. எந்திரிங்க.

வீரப்பன்: முடியலை புள்ள. ரெண்டு காலும்...

ரஞ்சிதம்: இத்தனை மாசமா இங்க என்னத்தக் கத்துக்கிட்டேன்னு துரை கேட்டாரு. படுத்தே கிடக்கிற ஆளைக் காட்டி நான் என்னன்னு சொல்ல?

சாம்பசிவம்: அறிவு இருக்கா உனக்கு? இந்தக் கட்டில் காலியானா உன்னை மலைக்கு அனுப்பிடுவாரு.

ரஞ்சிதம்: தாத்தா தானா வராந்தா வரைக்கும் நடந்து வந்தா, மிச்ச நாளையும் இங்கயே முடிக்கட்டும், தானா ராத்தா ஆஸ்பத்திரியில நானே பேசறேன்னு சொல்லியிருக்காருங்க. பேசலைன்னா கொழுந்தெடுக்கறேன். நான் நடக்க வெச்ச ஆளை, நடக்கலைன்னு சொல்லி வர்ற வேலை எனக்கு வேணாம்.

வீரப்பன்: நான் நடக்கறேன்னு எவன் சொன்னான் துரைகிட்ட?

ரஞ்சிதம்: நான்தான் தாத்தா, நேத்து. கங்காணி தாத்தா நல்லா நடக்கிறாரு, டிரெசர் ஐயாவுக்கும் அது தெரியும், என் வேலை போயிடக் கூடாதுன்னு ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் பொய் சொல்லிக்கிட்டு இருக்காங்கன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேன். வாங்க. கையைப் பிடிக்க மாட்டேன், பின்னாலயே வர்றேன்.