பிடிக்குள் இருந்த துரு

பீங்கான் தூளில் புளியைப் பிசைந்து தேய்த்தால் எந்தத் துருவும் போய்விடும். விருத்தாசலத்தில் இதற்கென்று யாரும் பவுடர் வாங்குவதில்லை. பீங்கான் ஆலைக் கொல்லையில் உடைந்த ஃபியூஸ் கட்டைகள் குவிந்து கிடக்கும். இடித்துச் சலித்துக்கொள்ள வேண்டியதுதான். என் அம்மா கமலம் அதில் கெட்டிக்காரி. இருபத்திரண்டு வருடம் அந்த ஆலையில் சுடாத கட்டைகளின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்தவள். எழுதத் தெரியாது. ஆனால் எந்த வருடத்து மழையில் எத்தனை கட்டை கரைந்தது என்று இன்றைக்கும் சொல்வாள்.

ஆலை முதலாளி ஜெரோமிடம் ஒரு ஜப்பான் குறுங்கத்தி இருந்தது. ஜப்பான்காரன் சண்டை முடிந்து சிங்கப்பூரிலிருந்து திரும்பிய அவருடைய அப்பா கொண்டுவந்தது. கறுப்பு அரக்கு உறை. பிடிக்கும் அலகுக்கும் நடுவே வட்ட இரும்புத் தகடு. அதில் தங்கத்தில் இழைத்த இரண்டு தும்பிகள். விருந்தாளி வந்தால் முதலில் அதைக் காட்டுவார். அடுத்து என்னைக் கூப்பிடுவார்.

"இது தமிழினி. கட்டை தொடைக்கிற கமலம் பொண்ணு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி! நான்தான் ஆபீஸ்ல போட்டேன். போம்மா, டீ எடுத்தா."

கோபம் என்று சொல்லமாட்டேன். நான் யோசித்துச் செய்கிறவள்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். இந்தக் கத்திகளில், பிடிக்குள் மறைந்திருக்கும் அலகின் அடிப்பகுதியைத் தேய்க்கவே கூடாதாம். செய்தவன் பெயர் அங்கேதான் வெட்டியிருக்கும். கறுத்துப்போன துருதான் அதன் வயதுக்குச் சாட்சி. துரு போனால் அது வெறும் கத்தி.

2006 ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை வந்தது. முதலாளி வேதக்காரர் என்றாலும், ஆட்கள் கருவிகளைத் தேய்த்துப் பொட்டு வைப்பதைத் தடுக்கமாட்டார். மத்தியானம் புதுச்சேரியிலிருந்து வாங்க ஆள் வருவதால் கத்தியை ஆபீஸ் மேஜைமேல் எடுத்து வைத்துவிட்டு மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார். பிடியில் இருந்தது ஒரு சின்ன மூங்கில் ஆணி. மண்வெட்டி ஆப்பைத் தட்டுவதுபோல் தட்டினேன். பிடி கழன்றது, தகடும் கழன்றது.

"எம்மா, இதுவும் ஆயுதந்தான. உள்ள பாரு, எவ்ளோ துரு. தகட்டையும் சேத்துத் தேச்சிடு."

"மொதலாளி வூட்டுப் பொருளாச்சேடி. வைவாரு."

"படிச்சவ நான் சொல்றன். தேயி."

"கலெக்டரம்மா உத்தரவு போட்டுட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

முதலில் தும்பிகளின் சிறகு போயிற்று. பிறகு எழுத்து. கடைசியில் அலகின் அடி எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. அம்மா மூன்று இடத்தில் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

வாங்க வந்தவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்தார், கழற்றினார். "இது பழசுன்னு இனிமே எவன்கிட்டயும் சொல்ல முடியாதுங்க" என்று டீ குடிக்காமலே கிளம்பினார்.

"எவடி இதத் தொட்டது?" என்றார் ஜெரோம்.

"நாந்தாங்க" என்றாள் அம்மா.

"யாரு சொல்லித் தொட்ட?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் முதலாளியைப் பார்த்தேன்.

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் கழட்டித் தேச்சன்."

உறையாலேயே அடித்தார். உறை விரிசல் விட்டது. அம்மாவின் வலது கையில் இரண்டு விரல்கள் இன்னும் மடங்குவதில்லை. நான் குறுக்கே போகவில்லை. போயிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். "படிக்காதவங்க சார், தெரியாம செஞ்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னேன். நம்பினார். அம்மாவை அன்றைக்கே நிறுத்தினார். அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கினார்.

இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறேன். அந்தக் கத்தியைக் கெடுத்தது நான்தான். படித்தவள் செய்தால் குற்றம், படிக்காதவள் செய்தால் தவறு. அதனால் அம்மாவின் கையால் செய்தேன்.

நான் சொல்லித்தான் தேய்த்தாள் என்று அம்மா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடம்கூட. சோற்றைப் பிசைய வராமல் கரண்டியை எடுக்கும்போது என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு சாப்பிடுவாள். மறந்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நாற்பத்தெட்டு வயதாகிறதல்லவா.