கிரகணத்தன்று கொட்டிய கடல்நீர்

பெயர் கல்பனா, தகப்பனார் பெயர் வீராசாமி, வயது 27, வரதய்யபாளையம் மண்டலம், சித்தூர் மாவட்டம். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்றாலும் தாய்மொழியில் சொல்ல விரும்பியதால், தமிழ் அறிந்த தலைமைக் காவலர் துலுக்காணம் எழுதிக்கொள்கிறார்.

நான் திருப்பதியில் ஒரு தனியார் ஆய்வு நிலையத்தில் ஆராய்ச்சி மாணவி. நட்சத்திர மீனின் கையை வெட்டினால் மறுபடி முளைக்கும். அப்படி முளைக்கும்போது எந்த மரபணு எப்போது வேலை செய்கிறது என்று படிப்பது என் ஆராய்ச்சி. இதற்கு வளரும் கையிலிருந்து அவ்வப்போது சிறு துணுக்கு எடுக்க வேண்டும். கை முழுதாகும்வரை அதே உயிர் பிழைத்திருக்கவும் வேண்டும். பாதியில் செத்தால் அதுவரை செய்த வேலையும் வீண்.

சென்ற மாதம் 15-ம் தேதி, மாட்டுப் பொங்கலான கனுமன்று சூரிய கிரகணம். பண்டிகை விடுமுறை என்பதால் ஆய்வகச் சாவி ஸ்டோர் கீப்பர் சாரங்கபாணியிடம் இருந்தது. அவர் திருமலைக் கோயில் கைங்கரியக் குடும்பத்தவர். காலையில் நட்சத்திர மீன்கள் இருந்த கடல்நீர்த் தொட்டிகளில் தர்ப்பை போட்டிருந்தார். புல்லால் கெடுதல் இல்லை என்று சிரித்துக்கொண்டே விடுதிக்குப் போய்விட்டேன். அதன் பிறகு சாயங்காலம் வந்தபோது அவர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “கிரகணம் பட்ட ஜலம் ஆகாதும்மா, எல்லாத்தையும் கொட்டிட்டேன். குழாய்ல நல்ல ஜலமாப் பிடிச்சு ரொப்பியிருக்கேன்” என்றார். டிரம்மில் வைத்திருந்த கடல்நீரையும் விடவில்லை. நட்சத்திர மீன் கடல்நீரில்தான் பிழைக்கும், குழாய்த் தண்ணீரில் செத்துவிடும். ஆனாலும் அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. தம் வீட்டுக் குடத்துக்குச் செய்வதைத்தான் அவர் அந்த உயிர்களுக்கும் செய்தார்.

அதன் பிறகு ஆய்வகத்தில் இருந்த உப்பை ஒரு பக்கெட்டில் கரைத்து, அசைவு தெரிந்தவற்றை மட்டும் அதில் விட்டேன். மூன்றுதான் தேறின. இயக்குநர் நாகபூஷணத்துக்குப் போன் செய்தேன். மிஞ்சியதை உறைபெட்டியில் வைத்துவிட்டு, கிடைத்த அளவில் அறிக்கையை முடிக்கும்படி தெலுங்கில் சொன்னார். முடியாது என்றேன். வெளியே கொண்டுபோனால் திருட்டு என்றார். அதன் பிறகு, சத்தியவேடு பக்கத்துக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிற என் தம்பி பாபுவை வரவழைத்து, பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

பாபு கடற்கரையிலிருந்து கேன்களில் தண்ணீர் கொண்டுவருகிறான். எங்கள் சிமெண்டுத் தொட்டியில் மூன்றும் இருக்கின்றன. என் தாயார் கமலம்மா, “துன்னவும் ஆவாது, கும்புடவும் ஆவாது, இதுக்குப் போயி ஜெயிலுக்குப் போறேன்னுகினு கீறியே” என்று என்னைத் திட்டினார். ஆனால் தொட்டிக்கு ஓலை போட்டு நிழல் செய்தவரும் அவர்தான். மூன்றிலும் வெட்டிய இடத்தில் கை வளர்ந்து வருகிறது.

இயக்குநர் கொடுத்த திருட்டுப் புகாரின்பேரில், நேற்று காவல் ஆய்வாளர் மீன்களை வழக்குச் சொத்தாகக் கொண்டுவரச் சொன்னார். இன்று அவை இல்லாமல்தான் வந்திருக்கிறேன். நான் எடுத்துச் சென்றது உண்மை, மறுக்கவில்லை. என்னைக் காவலில் வையுங்கள். அவற்றைத் தண்ணீரைவிட்டு எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். கை முழுதாக வளர்ந்த அன்று நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அதற்கு முன்பே வேண்டுமென்றால், இயக்குநர் ‘மூன்றும் உயிருடன் பெற்றுக்கொண்டேன், உயிருடன் வைத்திருப்பேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிப் போகட்டும் என்றேன். இங்கே உட்கார்ந்திருந்த நாகபூஷணம் பேனாவை எடுத்தார், பிறகு சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போனார்.

எழுதியதைத் துலுக்காணம் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டிக் குறைத்தது ஏதுமில்லை. நாகபூஷணம் போடாத கையெழுத்தை நான் போடுகிறேன். மூன்றும் உயிருடன் இருக்கின்றன, அவற்றுக்குப் பொறுப்பு நான்.

(ஒப்பம்) வீ. கல்பனா