அந்துப்பூச்சிக்கு ஏது விலாசம்?

...அதத்தான் நானும் கேக்கறேன் விப்கே, அந்துப்பூச்சி றெக்கையில என் பேரா எழுதியிருக்கு? தேனீ வளக்கற எக்கர்ட் கொட்டகைக்குள்ள பூந்து தேனடைய எல்லாம் தின்னுடுச்சாம். அதுக்கு நான் பொறுப்பாம்! ஏன்னா இந்தத் தோட்டக் காலனியிலயே புழு வளக்கிறவ நான் ஒருத்திதானாம். ஆஹா, என்ன துப்பு, என்ன துப்பு! போலீசுல சேந்திருக்க வேண்டிய ஆளுங்க எல்லாம் ஹனோவர்ல தக்காளிக்குக் கம்பு நட்டுட்டு இருக்காங்க.

உக்காருங்க, உக்காருங்க. பிளம்ஸ் கேக் எடுத்துக்கோங்க. மூணு மணிக்குத்தானே கூட்டம்? இந்த ரோஸ்விதாவோட புழுக் கொட்டகை இருக்கலாமா, பிரிச்சுப் போடணுமான்னு கை தூக்கிச் சொல்லப் போறாங்க. பக்கத்துத் தோட்டத்துக்கு நீங்க வந்து ஒரு மாசங்கூட ஆகல, இருந்தாலும் உங்க கையும் கைதான். சும்மா சொன்னேன். கேக்கு அதுக்காக இல்ல.

போன வருஷம் என் வேலிச்செடி ஒரு சாண் ஒசந்துடுச்சுன்னு டேப்ப எடுத்துட்டு வந்தவங்கதான இவங்க... சரி, அத விடுங்க.

கொட்டகை போச்சுன்னா லோதர் கதி? லோதர்னா என் பச்சோந்திங்க! அதோ, ஆப்பிள் மரத்துல வலைக்கூண்டு தொங்குதே, அதுக்குள்ள. பாருங்க, ஒரு கண்ணு உங்க மேல, இன்னொண்ணு வேலிக்கு அந்தப் பக்கம். என் முதல் புருஷனும் இப்படித்தான், என்னோட உக்காந்துட்டு அடுத்த மேஜையப் பாத்துட்டு இருப்பான். அதான் அவன் பேரையே வெச்சுட்டேன். இவன் பரவால்ல, பொய் சொல்றதில்ல.

வீட்டுலயே புழு வளக்கலாமேன்னா... வாடகை வீட்டு ஓனர்கிட்ட கேக்காமலா இருப்பேன்? பச்சோந்தி இருக்கட்டும், புழு கூடாதுன்னுட்டாரு. சாப்பிடறவன் வரலாமாம், சாப்பாடு வரக்கூடாதாம்!

நான் என்ன ஆசப்பட்டா மெழுகுப்புழு வளக்கறேன்? பாச்சை போட்டா முகத்தத் திருப்பிக்கறான். மாவுப்புழுவக் காட்டினா உடம்பு கறுத்துப்போவுது. கோவமாம் துரைக்கு! "மெழுகுப்புழு வெறுங்கொழுப்பு, மிட்டாய் மாதிரி எப்பவாச்சும் ஒண்ணு குடுங்க"ன்னாங்க மிருக டாக்டரம்மா. ஒண்ணுதாங்க குடுத்தேன். அதுக்கப்புறம் அவன் ஒரு பார்வை பாத்தான் பாருங்க... இன்னொண்ணு குடுத்தேன். இப்ப அத விட்டா எதையும் தொடறதில்ல. அதுக்கும் டாக்டரம்மா என்னத்தான் திட்டறாங்க. அவன ஒரு வார்த்த கேக்கறாங்களா?

மொதல்ல தவிட்டையும் தேனையும் பிசைஞ்சுதான் போட்டேன். புழு வளந்துச்சு, ஆனா நோஞ்சானா, நூல் மாதிரி. எக்கர்ட் வந்து டப்பாவுக்குள்ள எட்டிப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. "ஏம்மா ரோஸ்விதா, மெழுகுப்புழுவுக்கு மெழுகக் காட்டாம பட்டினி போடறியே, நியாயமா?"ன்னாரு. அவரேதான் ரெண்டு பழைய தேனடைய, கறுத்துப்போனத, மரச்சட்டத்தோட தூக்கிட்டு வந்து குடுத்தாரு. நல்ல மனுஷன்தான். அப்போ. அடடா, புழு அதத் தின்ன வேகம் இருக்கே! டப்பாவுல காத வெச்சா மொறுமொறுன்னு கேக்கும்.

"தின்னு முடிச்சதும் சட்டத்த எரிச்சுடு, என் கொட்டகைப் பக்கம் கொண்டு வராத"ன்னாரு. எரிக்கறதாம்! நல்ல லிண்டன் மரம், மூலைக்கு மூல அவர் கையால பொருத்தினது. யாராச்சும் எரிப்பாங்களா? இரவல் வாங்கினத ஏப்பம் விடற குடும்பமா எங்களது? ஜூலையில இடுப்பு ஆபரேஷன்னு அவர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி சாவி என்கிட்டதான் இருந்துச்சு. சட்டம் ரெண்டையும் பிரஷ் போட்டுத் தேச்சு, அவர் கொட்டகையில அடுக்கி வெச்சிருந்த நல்ல அடைகளுக்கு நடுவுல அழகா சொருகி வெச்சேன். வந்து பாத்து மனசு குளிரட்டும்னு. ஒரு நன்றி? ம்ஹூம்! திருப்பி வெச்சதே அவருக்குத் தெரியாது போல.

எவ்வளவு பக்குவமா தேச்சேன்ங்கிறீங்க! மூலையில மட்டும் வெள்ளையா, பஞ்சு மாதிரி, வரிசையா ஒட்டிட்டு இருந்துச்சு. சுரண்டினா மரத்துல கீறல் விழுமேன்னு அத அப்படியே விட்டுட்டேன். இந்தக் காலத்துல யாருங்க...

என்ன அப்படிப் பாக்கறீங்க? பஞ்சுங்க, வெறும் பஞ்சு. என் டப்பாவுலகூட நிறைய இருக்கும். புழு பெருசானதும் தன்னச் சுத்திக் கட்டிக்குமே, அந்த... அதுக்குள்ளதான தூங்கி, அப்புறம் றெக்க மொளச்சு...

...ம்.

தூசியாக்கூட இருக்கலாம். இருக்கலாந்தானே? ஆனா ஜூலையில வெயில் வேற அந்தப் போடு போட்டுச்சு. அவர் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து கொட்டகையத் தொறந்தா, ஒவ்வொரு அடையும் நூலாம்படையா நைஞ்சு கெடக்குது. அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா விப்கே? "தேனீ வளக்கறவங்க மொதல்ல கொட்டகைய சுத்தமா வெச்சுக்கணும்"னேன். எல்லார் முன்னாடியும். ரெண்டு ஊன்றுகோல வெச்சுட்டு நின்னுட்டு இருந்தாரு மனுஷன்.

என்ன, எழுந்துட்டீங்க? கேக்குத் துண்ட அப்படியே வெச்சுட்டு... கூட்டம் அந்தப் பக்கம்மா, நீங்க இந்தப் பக்கம்... ஓ. எக்கர்ட் தோட்டத்துக்கா?

இருங்க விப்கே. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க போய்ச் சொன்னா பாதிய தப்பும் தவறுமாத்தான் சொல்லுவீங்க. நானே சொல்லிக்கறேன். அந்தச் செருப்பக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க.