இடப்பக்கம் பார்க்கிறவர்

ஷோரூம் பெண்: ஸ்டீயரிங்கை அவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்க மேடம். ரோட்டுக் கோட்டை விட்டு விலகினா அதுவே உங்களைத் திருத்திடும்.

அவள்: என்னைத் திருத்த ஏற்கெனவே ஒருத்தர் பக்கத்துல உக்காந்திருக்காரே.

அவன்: நான் வாயே திறக்கலையே.

அவள்: வாய் சும்மா இருந்துச்சு. கால்? அந்த பஸ் நின்னப்போ இல்லாத பிரேக்கை ஓங்கி மிதிச்சீங்க.

அவன்: மரத்துப்போச்சு. நீட்டினேன்.

ஷோரூம் பெண்: கவலையே படாதீங்க சார். இதுல பிரேக்கையும் அதுவே பாத்துக்கும். முன்னாடி போற வண்டி திடீர்னு நின்னு, மேடம் கவனிக்கலன்னா முதல்ல சத்தம் போடும். அப்பவும் மிதிக்கலன்னா தானா நிறுத்தும்.

அவன்: பரவாயில்லையே. நான் சத்தத்தோட நின்னுட்டேன்.

அவள்: ஆரம்பிச்சாச்சு.

ஷோரூம் பெண்: இப்ப இன்டிகேட்டர் போடாம லேசா லெஃப்ட்ல ஒதுங்கிப் பாருங்க மேடம்.

அவள்: ஐயோ! கையைப் பிடிச்சு இழுக்குது.

ஷோரூம் பெண்: அதான் மேடம். நீங்ககூட அன்னைக்கு...

அவள்: இங்க ரைட்ல திரும்பணுமா?

ஷோரூம் பெண்: ஆ... ஆமா மேடம். ரைட்.

அவன்: என்னது அன்னைக்கு?

அவள்: ஃபோன்ல விசாரிச்சிருந்தேன். ரோட்டைப் பாருங்க.

அவன்: ஓட்டறது நீ. நான் எதுக்கு ரோட்டைப் பாக்கணும்?

அவள்: பாக்காம இருந்துடுவீங்களா?

ஷோரூம் பெண்: மேடம்... முக்குல நின்னுட்டீங்களே. ரோடு காலியாத்தான் இருக்கு.

அவள்: தெரியும்.

ஷோரூம் பெண்: பின்னாடி ஹாரன் அடிக்கறாங்க.

அவள்: கேக்குது.

அவன்: ...லெஃப்ட் கிளியர். போலாம்.

ஷோரூம் பெண்: அட! சார் சொன்னாத்தான் வண்டி நகருமா?

அவள்: பழைய பழக்கம்மா. முக்குல நின்னா ரைட்டை நான் பாப்பேன், லெஃப்டை இவர் பாப்பார். இவருக்கு வண்டி ஓட்ட வராது. ஆனா பக்கத்துல உக்காந்து ஓட்டச் சொன்னா ஊரையே ஓட்டுவார்.

அவன்: இவங்க கழுத்து லெஃப்ட்ல திரும்பாது. என்ன வேலை பாக்கறாங்கன்னு கேளுங்க.

ஷோரூம் பெண்: என்ன மேடம்?

அவள்: பிசியோதெரபி.

அவன்: கிளினிக்லயும், வீடு வீடாப் போயும், கழுத்தைத் திருப்புங்க, திருப்புங்கன்னு சொல்லிக் கொடுக்கறாங்க.

அவள்: இவர் பிரஸ்ல புரூஃப் பாக்கறவர். மத்தவங்க தப்பு மட்டும்தான் கண்ணுல படும்.

ஷோரூம் பெண்: சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது மேடம். கல்யாணமாகி எத்தனை வருஷமாச்சு?

அவன்: பன்னெண்டு.

அவள்: பதினொண்ணு.

ஷோரூம் பெண்: ஐயோ, சண்டை மூட்டிட்டேனா?

அவள்: இல்லம்மா. ரெண்டும் சரிதான். போன வருஷத்தை அவர் சேத்துக்கறார். நான் சேத்துக்கல.

ஷோரூம் பெண்: புரியல மேடம்...

அவன்: ஒரு வருஷமா தனித்தனியா இருக்கோம். புது வண்டி பாக்கணும், ஒரு தடவை வந்துட்டுப் போங்கன்னாங்க. வந்தேன்.

ஷோரூம் பெண்: ஓ... சாரி சார். எனக்குத் தெரியாது... இதோ, ஷோரூம் வந்துடுச்சு. அந்த மரத்தடியில நிறுத்திடுங்க மேடம். நான் உள்ள போய் கலர் அட்டை எடுத்துட்டு வந்துடறேன். ஏ.சி. ஓடட்டும். அவசரமே இல்ல.

அவள்: பாவம். தலைதெறிக்க ஓடுது.

அவன்: நல்ல பொண்ணு... சரி, வாங்கிடு.

அவள்: வண்டியா?

அவன்: வண்டி எப்படியும் வாங்கத்தான் போறே. தானா பிரேக் போடற அந்த சேஃப்டி பேக் இருக்கற மாடலா வாங்குன்னு சொல்றேன்.

அவள்: எதுக்கு? இத்தனை வருஷம் அது இல்லாம ஓட்டல?

அவன்: அதோட புத்தகத்தை முழுசாப் படிச்சுட்டேன்.

அவள்: எத்தனை எழுத்துப்பிழை?

அவன்: நிறைய. ஆனா விஷயம் சரியா இருக்கு. எங்கெங்க வேலை செய்யாதுன்னும் அவங்களே போட்டிருக்காங்க. கேமரா மேல சேறு அப்பினா, பேய்மழை பெஞ்சா, ரோட்டுல கோடு அழிஞ்சிருந்தா...

அவள்: நான் போற சந்துல கோடே கிடையாது. முட்டி தேஞ்சவங்க எல்லாம் வண்டி நுழையாத இடமாப் பாத்துத்தான் குடியிருக்காங்க.

அவன்: சந்துல நீ ஊர்ந்துதான் போவே. நான் மெயின் ரோட்டைச் சொல்றேன்.

அவள்: என் பேஷன்ட் ஒருத்தர் இதே மாதிரி வாங்கினாராம். பிளாஸ்டிக் பை பறந்து வந்தாக்கூட பிரேக் போடுதாம். பின்னாடி வந்தவன் இறங்கி வந்து கிழிகிழின்னு கிழிச்சானாம்.

அவன்: திட்டுதானே. வாங்கிக்கலாம்.

அவள்: யாரு சொல்றது! ஒரு வார்த்தை தாங்காம பெட்டியைத் தூக்கிட்டுப் போனவர்.

அவன்: ஒரு வார்த்தைக்காகப் போகல. ஒரு வார்த்தைகூட இல்லன்னுதான் போனேன்... சரி விடு. ஏ.சி. ஜாஸ்தியா இருக்கா?

அவள்: போகும்போது என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

அவன்: இப்ப எதுக்கு அது?

அவள்: சொல்லுங்கன்னா.

அவன்: உனக்கு நான் புருஷன் இல்ல, இந்தப் பக்கத்துக் கண்ணாடின்னு சொன்னேன். வேணும்னா ஒரு பார்வை. மத்த நேரம் நீ மடக்கி வச்சுடுவேன்னு.

அவள்: எழுதி வச்சு, திருத்திட்டு வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு.

அவன்: மனசுக்குள்ள ரெண்டு மூணு தடவை திருத்தினேன்தான்.

அவள்: அன்னைக்குக் கோவம்தான் வந்துச்சு. அப்புறமா யோசிச்சுப் பாத்தேன். கேட் திறக்க நீங்க, கேஸ் மாத்த நீங்க, லெஃப்ட் பாக்க நீங்க. வேற எதுக்காகவாவது எப்பவாவது உங்களைக் கூப்பிட்டேனான்னு. ஒண்ணுகூட ஞாபகம் வரல.

அவன்: அப்படியெல்லாம் இல்ல...

அவள்: அப்படித்தான். ஆனா நாள் பூரா மத்தவங்க உடம்பைத் தூக்கி நிறுத்திட்டு வர்றேன். ஒவ்வொருத்தர் கிட்டயும், உங்களால முடியும், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவைன்னு பேசிப் பேசி... வீட்டுக்கு வந்தா உங்க பக்கத்துல மட்டும்தான் பேசாம இருக்கலாம்னு இருந்துச்சு. அதுதான் எனக்கு ஓய்வு. நீங்க அதை மடக்கி வச்சதா எடுத்துக்கிட்டீங்க.

அவன்: இதைச் சொல்லியிருக்கலாமே.

அவள்: சொல்றதுக்குத் தெம்பிருந்தா பேசியே இருப்பேனே!

அவன்: ...சிரிக்க வைக்காதே.

அவள்: சிரிங்க. காசா பணமா. அந்த வீட்ல யாரோட சிரிக்கறீங்க?

அவன்: ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர். அது அவ்வளவா சிரிக்காது.

அவள்: வெளிச்சம் வருதா? புரூஃப் பாக்கற கண்ணு.

அவன்: விளக்கு போட்டுக்கறேன்.

அவள்: பகல்லயா?

அவன்: பகல்லயும்தான்... ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது.

அவள்: முதல்ல சொல்லுங்க.

அவன்: பிரஸ்ஸுக்கு டாக்சியில போனேன். முன்சீட்ல உக்காந்துக்கிட்டேன். முக்குல வண்டி நின்னுச்சா, என்னை அறியாம, "லெஃப்ட் கிளியர், போலாம்"னுட்டேன்.

அவள்: ஐயோ!

அவன்: அந்த ஆள் திரும்பி என்னை மேலயும் கீழயும் பாத்தான். "சார், நான் இருபது வருஷமா ஓட்டறேன்"னான். மறுநாள்லேருந்து பின்சீட்ல உக்காந்துக்கறேன்.

அவள்: பின்சீட்லேருந்து சொல்லலையே?

அவன்: மெதுவா... எனக்கு மட்டும் கேக்கற மாதிரி... சிரிக்கக் கூடாதுன்னேன்ல.

அவள்: சிரிக்கல. பாருங்க, சிரிக்கல.

அவன்: டிஷ்யூ அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. ஷோரூம்காரங்க எல்லாத்துக்கும் தயாரா இருக்காங்க.

அவள்: தூசி.

அவன்: ஏ.சி. வண்டிக்குள்ள தூசி... சரி. பழைய வண்டி என்னாச்சு?

அவள்: அதான் ஃபோன்ல சொன்னேனே. பேஷன்ட் வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்தேன். எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான். இனிமே சரி பண்ணிப் பிரயோஜனம் இல்லன்னுட்டாங்க.

அவன்: நிறுத்தி வச்சிருந்த வண்டியை.

அவள்: ஆமா.

அவன்: நிறுத்தி வச்ச வண்டியில ஏர்பேக் விரியாதுடி.

அவள்: ...யார் சொன்னா?

அவன்: நம்ம மெக்கானிக். அவர்கிட்ட இன்னும் என் நம்பர்தான் இருக்கு. உனக்கு அடி ஒண்ணும் இல்லன்னு முதல்ல சொல்லிட்டுத்தான் மத்ததைச் சொன்னார். மறுநாளே போய்ப் பாத்தேன். என் சீட்டு கியர் வரைக்கும் நசுங்கி வந்திருந்துச்சு.

அவள்: பாத்துட்டும் ஒரு ஃபோன் பண்ணல.

அவன்: உன்கிட்டேருந்து வரும்னு இருந்தேன். முடியல. உன் கிளினிக்குக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை இருக்கில்ல, அங்க போய் நின்னேன். நீ வெளிய வந்தே. நடை ஒழுங்கா இருக்கா, கை ரெண்டும் வீசறியான்னு பாத்தேன். வந்துட்டேன்.

அவள்: ரோட்டைத் தாண்டினா நான்.

அவன்: தாண்டியிருக்கலாம். எதுக்கு வந்தீங்கன்னு நீ கேட்டிருந்தா நான் என்ன சொல்றது?

அவள்: ...அன்னைக்கு முக்குல நின்னேன். ரைட்டைப் பாத்தேன், காலி. அப்புறம் உங்களுக்காக நின்னேன். நின்னுக்கிட்டே இருந்தேன். பின்னாடி ஹாரன் மேல ஹாரன். அப்பத்தான் உறைச்சுது, பக்கத்துல என் பைதான் உக்காந்திருக்குன்னு. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. கண்ணு மறைச்சுது. அப்படியே கிளட்ச்சை விட்டுட்டேன். லெஃப்ட்ல பால் வேன்.

அவன்: நான் இருந்திருந்தா...

அவள்: இருந்திருந்தா நடந்தே இருக்காது. இல்ல, நடந்திருந்தா உங்க கால் போயிருக்கும். ரெண்டையும் மாத்தி மாத்தி நெனச்சுக்கிட்டு எத்தனை ராத்திரி தூங்காம கிடந்தேன் தெரியுமா?

அவன்: அதனாலதான் சொல்றேன், வாங்கு. குறுக்க வண்டி வந்தா, நீ பாக்கறதுக்கு முந்தி அது பாத்துடும். கண் அசராது. கோச்சுக்காது. பெட்டியைத் தூக்கிட்டுப் போகாது.

அவள்: நான் கழுத்தைத் திருப்பப் பழகிக்கறேன். எனக்கு மிஷின் வேணாம்.

அவன்: நீயும் திரும்பிப் பாரு, அதுவும் பாக்கட்டும். ஒருத்தர் பாத்த புரூஃபை இன்னொருத்தர் பாக்கறதில்லையா? முதல் ஆள் தப்பா பாப்பான்னா அப்படிச் செய்யறோம்? மனுஷக் கண்ணு ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது.

அவள்: வாங்கிட்டா உங்களுக்கு நிம்மதி. அதானே?

அவன்: ஆமா.

அவள்: அப்புறம் என்னை நெனக்கவே வேணாம்.

அவன்: நெனக்க வேணாம்னு இல்ல. பயப்பட வேணாம்.

அவள்: ரெண்டும் ஒண்ணா?

அவன்: இந்த ஒரு வருஷமா எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு... என்ன பாக்கறே?

அவள்: சட்டைக் காலர் கிழிஞ்சிருக்கு.

அவன்: தெரியும். புதுசு வாங்கணும்.

ஷோரூம் பெண்: மேடம்... வரலாமா? கலர் அட்டை கொண்டுவந்திருக்கேன்.

அவன்: வாம்மா. அந்த பேக் இருக்கற மாடலே எழுதிடு. மேடம் வேணாம்பாங்க, காதுல போட்டுக்காதே.

ஷோரூம் பெண்: சார், அது வந்து... மேடம்?

அவள்: ம்.

ஷோரூம் பெண்: நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே...

அவன்: என்கிட்ட என்ன சொல்லணும்?

அவள்: நீ உள்ள போம்மா. நான் பேசிட்டு வர்றேன்.

ஷோரூம் பெண்: சரி மேடம். சாவி ரெண்டும் ரெடியா இருக்கு.

அவன்: என்ன சாவி? என்னடி நடக்குது?

அவள்: போன மாசமே புக் பண்ணிட்டேன். நீங்க சொல்ற அதே பேக்கோடதான். உள்ள துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. இன்னைக்கு எடுத்துக்கலாம்.

அவன்: அப்போ இவ்வளவு நேரம் வேணாம் வேணாம்னு என்கூட மல்லுக்கு நின்னது?

அவள்: வாங்காதே, நான் வந்து உக்கார்றேன்னு ஒரு தடவையாவது சொல்ல மாட்டீங்களான்னு பாத்தேன். நீங்க சொல்லல.

அவன்: நீ கூப்பிடாம நான் எப்படிச் சொல்வேன்? அதுவும்... எல்லாத்தையும் தனியாவே முடிச்சுட்டே. அப்புறம் என்னை எதுக்கு வரச் சொன்னே?

அவள்: முடிச்சதுக்கு அப்புறம்தான் கூப்பிடணும்னு இருந்தேன். இப்ப உங்களால எனக்கு ஆகவேண்டிய காரியம் ஒண்ணுகூட இல்ல... வீட்டுக்கு வாங்க.