இரண்டு மிளகு மிச்சம்

காப்பி நன்றாக இருக்கிறது, சசிகலா மேடம். சர்க்கரை சரியாக இருக்கிறது. விழாக் கமிட்டிக்கு எழுத்தில் வேண்டும் என்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் அங்கப்பன். மாரமங்கலம் பக்கம் காப்பி எஸ்டேட்டில் இருபது வருட வேலை. என் மனைவி பானு அங்கன்வாடி டீச்சர். கேழ்வரகு மாவில் ஒரு பொம்மை பிடித்து, அதை நூல் அளவு நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் நூல் அளவு நகர்த்தி ஒரு போட்டோ என்று செல்போனிலேயே அனிமேஷன் படம் எடுத்தாள். ஐந்து நிமிஷப் படத்துக்கு எட்டு மாதம். வெறும் மாவு காய்ந்தால் வெடித்துவிடும். வெல்லப்பாகு ஊற்றிப் பிசைந்தால் வெடிக்காதாம். வீட்டிலிருந்த வெல்லமெல்லாம் பொம்மைக்குப் போனது. எட்டு மாதம் நான் கடுங்காப்பியை அப்படியே குடித்தேன். அதற்காக எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இந்த வரிக்கு மட்டும் அடிக்கோடு போட்டுவிடுங்கள்.

பொம்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழுக்கை, தொப்பை, ஒரு பக்கம் சாய்ந்த நடை. எந்த விசேஷமானாலும் முதல் பந்தியில் உட்கார்ந்து கடைசிப் பந்திவரை எழுந்திருக்காது. "யாருக்கும் வேண்டாம்னா இப்புடி வெய்யுங்க, வீணாப் போகக் கூடாது பாருங்க" என்பதுதான் அதற்கு ஒரே வசனம். அதன் பெயரும் அங்கப்பன். எங்கள் மலையில் அங்கப்பன்கள் நிறைய, அதனால் நான் ஒன்றும் நினைக்கவில்லை.

விருது விழாவுக்குக் கிளம்பும்போது பொம்மையை டிபன் பாக்ஸில் வைத்து என் மடியில் கொடுத்தாள். "ஏனுங்க, நடுவருங்க முன்னால இதை ஒரு அடி நடக்க வெச்சுக் காட்டுனாத்தான் பரிசு. கையில செஞ்சதுன்னு அவுங்க நம்போணும். நொம்பப் பத்திரமுங்க" என்றாள்.

பஸ் ஏற்காடு வருவதற்குள் பாகு வாசம் தூக்கியது. கெட்டுப்போயிருக்குமோ என்று பயந்து ஒரு காதை மட்டும் கிள்ளிப் பார்த்தேன். கெடவில்லை. ஒற்றைக் காதோடு மேடையேறினால் நன்றாக இருக்காது, ஆகவே இன்னொன்றையும் எடுத்தேன். ஏரிக்கரையில் இறங்கும்போது கைகள் இல்லை. நடப்பதற்குக் கை எதற்கு என்பது என் எண்ணம்.

மண்டபத்தில் வரவேற்புரை நாற்பது நிமிஷம். அதற்கு நான் பொறுப்பில்லை. தொப்பை அப்போதுதான் போனது. தொப்பை இல்லாமல் கால்கள் கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தலையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது. கண்ணுக்கு வைத்த இரண்டு மிளகை விட்டுவிட்டேன். எனக்குக் காரம் ஆகாது.

பானுவின் படத்தைத் திரையில் போட்டார்கள். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் பாக்ஸை வாங்கிக்கொண்டு மேடையேறித் திறந்தாள். அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வயிற்றை என்னவோ பிசைந்தது. பாகு கொஞ்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரியாத நடுவர் மைக்கில், "அங்கப்பன் வரலாம்" என்றார். எஸ்டேட்டில் காலையில் பேர் கூப்பிடும்போது குரல் கொடுத்து முன்னால் வராதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. இருபது வருடப் பழக்கம், மேடம். "இருக்கேனுங்க" என்று எழுந்து விறுவிறுவென்று மேடைக்கு நடந்துவிட்டேன். மீசையில் மாவு இருந்ததாம்.

மண்டபம் ஏன் அப்படி எழுந்து நின்று கைதட்டியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பரிசைப் பானுவிடம் கொடுத்தார்கள். வாங்கிய கையோடு என் பக்கம் திரும்பி, "ஊட்டுக்கு வாங்க, உங்களுக்கு இருக்குது" என்றாள்.

இரண்டாம் பரிசுக்காரர்கள், பொம்மை என்று ஒன்று இருந்ததே இல்லை என்று புகார் கொடுத்திருப்பதால் சொல்கிறேன். இருந்தது. நான்தான் தின்றேன், முழுசாக, சுயநினைவோடு. அதற்கும் எனக்கும் ஒரே ஜாடை என்று பேசிக்கொள்கிறார்களாம். அப்படி ஒரு தின்னிப்பண்டாரம் எங்கள் மலையிலேயே கிடையாது.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? அப்புறம் மேடம், அந்தத் தட்டுல இருக்கற பிஸ்கட்டு யாருக்கும் வேண்டாம்னா இப்புடி வெய்யுங்க. வீணாப் போகக் கூடாது பாருங்க.